போய் முடியட்டும்

மேசை விளிம்பை நோக்கி ரோபோ போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. நான் பாய்ந்து கையை நீட்டினேன். ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விடு புள்ள. போய் முடியட்டும்."

போய் முடிந்தது. முன்பக்கம் வெளியே தொங்கி, ஒரு கணம் தயங்கி, பிறகு தலைகுப்புற என் கடையின் சீமெந்துத் தரையில் விழுந்தது. முன்னால் இரண்டு கண் மாதிரி இருந்த, தூரம் பார்க்கிற கருவி கழன்று போட்டோக்கொப்பி மெசினுக்கு அடியில் உருண்டது. நான் "ஐயோ" என்றேன். ராத்தா குனிந்து விழுந்த இடத்தைப் பார்த்தார். நிமிர்ந்து மேசை விளிம்பைப் பார்த்தார். மறுபடியும் விழுந்த இடத்தைப் பார்த்தார்.

"நேர போகச் சொன்ன. இடப்பக்கமாக் கிறுகிப் போய் விழுந்திரிக்கி. அப்ப வலப்பக்கச் சில்லுதான் கூட ஓடுது."

"விழும் எண்டு உங்களுக்குத் தெரியாதா ராத்தா?"

"விழும் எண்டு தெரியும். எங்க போய் விழும் எண்டு தெரியாதே."

அவர் எனக்கு முதலில் பழக்கமானது ஒரு புத்தகத்தால். எங்கள் பக்க முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டேன். என் கொமினிகேஷன் கடை ஆரையம்பதியில், பெரிய ரோட்டோடு இருக்கிறது. காத்தான்குடி முடிகிற இடத்திலிருந்து நடக்கிற தூரம். போட்டோக்கொப்பி, லெமினேற்றிங், வெளிநாடு போகிறவர்களுக்கு இங்கிலீசில் கடிதம் அடித்துக் கொடுப்பது, இதுதான் தொழில். ஒரு நாள் மத்தியானம் கறுப்பு அபாயா அங்கி போட்ட ஒருவர் கைக்குள் அடங்குகிற சின்னப் புத்தகம் ஒன்றோடு வந்து, "இத ரெண்டு மடங்கு பெருசாக்கி அடிச்சுத் தா புள்ள" என்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கழற்றி வைக்க மறந்து அப்படியே ரோட்டில் நடந்து வந்திருக்கிறார்.

அது விளையாட்டு ரோபோ பெட்டி ஒன்றோடு வந்த புத்தகம். சீன மொழி, இங்கிலீசு, அரபு மூன்றிலும் இருந்தது. ராத்தாவுக்கு அரபு எழுத்து வாசிக்கத் தெரியும். "வாசிக்க ஏலும். என்னண்டு விளங்காது" என்று சொல்லி, ஒரு வரியை வாசித்தும் காட்டினார். குர்ஆன் ஓதிப் பழகிய நாக்கு அதையும் இழுத்து அழகாகத்தான் வாசித்தது. வாசித்து முடித்து அவரே சிரித்தார். நான் இங்கிலீசுப் பக்கத்தை எடுத்து, அவர் வாசித்த வரியைத் தேடிப் பார்த்தேன். 'பெற்றரியைத் தண்ணீரில் போடாதீர்கள்' என்று இருந்தது. இரண்டு பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில்தான் எங்களுடைய பழக்கம் தொடங்கியது.

வீட்டில் இருந்து அபாயா தைப்பது அவருக்குத் தொழில். மாப்பிள்ளை என்று அவர் சொல்லுகிற கணவர் கட்டாரில் லொறி ஓட்டுகிறார். மகனுக்கென்று அவர் ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பிய பெட்டி அது. மகன் முதல்நாள் துண்டு துண்டாகச் சேர்த்துப் பூட்டி, இரண்டு நாள் ஓடவிட்டு, பிறகு கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆறு மாதம் அலுமாரிக்கு மேலே கிடந்ததை ராத்தா இறக்கியிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"பெட்டிக்குள்ள ரெண்டு மோட்டர் இரிக்கி எண்டு தெரிஞ்சும் எப்படி சும்மா இரிக்கிற?"

அப்போது அவருக்கு நாற்பது வயது இருக்கும். எனக்கு நாலைந்து வயது குறைவு. செவ்வாயும் சனியும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வருவார். நான் புத்தகத்தை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல, அவர் பூட்டுவார். கைத்தொலைபேசி அளவில் ஒரு பெட்டி, அதுதான் ரோபோவின் மூளை. அதிலிருந்து மோட்டருக்கும் கருவிகளுக்கும் வயர் போகும். என்ன செய்யவேண்டும் என்பதைக் கொம்பியூட்டரில் கட்டம் கட்டமாக அடுக்கி, வயர் வழியாக அந்தப் பெட்டிக்கு அனுப்பவேண்டும். 'முன்னுக்குப் போ, இரண்டு செக்கன் நில், வலப்பக்கம் கிறுகு' என்று அடுக்குவது அவருக்குச் சட்டை வெட்டுவது மாதிரி இருந்தது. "எது முந்தி, எது பிந்தி எண்டது பிழைச்சா கை வைக்கிற இடத்தில கழுத்து வந்திரும்" என்பார்.

பெட்டியில் பாதிச் சாமான் தொலைந்துபோயிருந்தது. மோட்டரையும் சில்லையும் இணைக்கிற ரப்பர் வார் இல்லை. ராத்தா பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக்கை வட்டமாகத் தைத்துப் போட்டார். அந்த வார் ஓடுகிற சின்னச் சில்லு ஒன்று இல்லாத இடத்தில் தையல் மெசினில் நூல் சுற்றுகிற பொபினைச் செருகினார். கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே அதன்மேல் போகிற கருவி ஒன்று ரோபோவின் அடிவயிற்றில் இருந்தது. கோடு போட நான் கறுப்பு ஒட்டுநாடா வாங்கித் தரவா என்று கேட்டேன். மறுநாள் அபாயா வெட்டிய மிச்சத் துணியை நீட்டுக்குக் கிழித்துச் சுருட்டிக் கொண்டுவந்து, கடை வாசலிலிருந்து போட்டோக்கொப்பி மெசின் வரைக்கும் வளைத்து வளைத்து விரித்துவிட்டார். அடையாள அட்டை கொப்பி எடுக்க வந்த கிராம சேவகர் ரோபோ கடந்து போகுமட்டும் வாசலில் காத்து நின்றது இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

அவரிடம் நான் கண்ட ஒரு குணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஓடுகிறபோது பிழையாகப் போகிற ஒன்றை அவர் பாதியில் நிறுத்தமாட்டார். சுவரில் முட்டப் போகிறதா, முட்டட்டும். வட்டமாகச் சுற்றிக்கொண்டே நிற்கிறதா, பெற்றரி ஓயுமட்டும் சுற்றட்டும். பிழை ஓடி முடிந்த இடத்தில் தையல் சோக்கால் ஒரு அடையாளம் போடுவார். மறுகா ஒருக்கா ஓடவிடுவார். மூன்று தரம் அதே பிழையைப் பார்த்த பிறகுதான் ஆணியில் கை வைப்பார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. வாடிக்கையாளர் பெயரைச் சொல்லத் தொடங்கும்போதே நான் மீதியை அடித்து முடித்துவிடுகிற ஆள்.

ஒரு முறை அவருடைய மாப்பிள்ளை லீவில் வந்திருந்தார். பெண்சாதி சின்னப் பிள்ளை மாதிரி விளையாட்டுச் சாமானோடு கடைவழியே திரிகிறா என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும். முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ராத்தாவுக்குப் பின்னாலேயே கடைக்கு வந்தார். ராத்தா ரோபோவைத் துணிக்கோட்டில் வைத்து ஓடவிட்டார். அது மூன்றாவது வளைவில் கோட்டை விட்டிறங்கி, நேரே மாப்பிள்ளையின் காலை நோக்கி வந்தது. அவர் குனிந்து அதைத் தூக்கிவிட்டார்.

ராத்தா கோபப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரே ஒரு தரம்தான்.

"ஏன் தூக்கின நீங்க? தூக்கின இடத்திலதானே பிழை இருந்த!"

"கால்ல முட்ட வந்ததே…"

"முட்டினா என்ன, லொறியா அது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தாள்கட்டைப் பார்த்தேன். அவர் மெதுவாக ரோபோவைக் கீழே வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். மூன்று தரம் ஓடவிட்டுப் பார்த்தார்கள். நான்காம் தரம் அவரே முழங்காலில் நின்று, "வளைவில வேகம் கூடிப்போச்சு, லொறியெண்டாலும் இப்பிடித்தான் இறங்கும்" என்றார். ராத்தா கொம்பியூட்டரில் வேகத்தைக் குறைத்தார். ரோபோ கோட்டை விடாமல் போனது. லீவு முடிந்து போகுமட்டும் அந்த மனிதர் ஒவ்வொரு சனியும் வந்தார்.

எல்லாவற்றிலும் அந்தக் குணம் நல்லது என்று எனக்குத் தோன்றியதில்லை. மகன் சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் தவறி, மறுகா எடுக்கமாட்டேன் என்று நின்றான். சொந்தக்காரர் எல்லோரும் ராத்தாவைத்தான் ஏசினார்கள். "அவன் இன்னும் ஓடி முடிக்கல்ல" என்றார் என்னிடம். பெற்ற பிள்ளையையும் இப்படி விளிம்புவரைக்கும் விட்டுப் பார்ப்பாரா ஒரு தாய் என்று நினைத்தேன். அவருக்கு நெஞ்சு கொஞ்சம் கல்லோ என்றும் நினைத்தேன். அப்படி நினைத்ததை இப்போது சொல்லிவிடுவதுதான் நியாயம்.

என் கணவரை நான் எழுத்திலும் 'இவர்' என்றுதான் சொல்லுவேன். இவர் மட்டக்களப்பு – கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர். பதினெட்டு வருடம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. பஸ் ஆரையம்பதியால் போகும்போது இவருடைய குரல் கடைக்குள் கேட்கும். நான் தலையை நிமிர்த்தாமலே நேரத்தைத் தெரிந்துகொள்ளுவேன்.

ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் கிணற்றுக்கட்டில் சாய்ந்தார். பக்கவாதம். ஆசுப்பத்திரியில் மூன்று கிழமை இருந்தோம். உயிர் தப்பியது. வலது கை மெதுவாக அசையத் தொடங்கியது. பேச்சு மட்டும் வரவில்லை. வந்தது ஒரே ஒரு சொல்தான், "கல்லடி". தண்ணீருக்கும் கல்லடி, வலிக்கும் கல்லடி, என்னைக் கூப்பிடவும் கல்லடி. மட்டக்களப்புப் பட்டினத்திலிருந்து பாலத்தைத் தாண்டினால் வருகிற முதல் ஊர் அது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சொல்லிக் கொடுத்தார்கள். "கல்லடி இல்ல, தண்ணி. த-ண்-ணி. எங்க சொல்லுங்க." நானும் அதைத்தான் செய்தேன், மற்ற எல்லோரையும்விடக் கூடச் செய்தேன். இவர் வாய் திறந்ததும், "என்ன வேணும்? தண்ணியா? சாப்பாடா? வெளிய போகணுமா?" என்று அடுக்குவேன். இவர் என்னைப் பார்ப்பார். பிறகு வாயை மூடி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்ளுவார். நாளாக நாளாக வாய் திறப்பதும் குறைந்தது.

ராத்தா கேள்விப்பட்டு வந்தார். அன்றைக்கு இவருடைய காலடியில் நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை ஒரு சாமானோடு வந்தார். ரோபோவைக் கழற்றி அதன் மூளைப் பெட்டியை ஒரு பலகையில் பூட்டியிருந்தார். நாலு சுவிட்ச், நாலுக்கும் மேலே தண்ணி, சாப்பாடு, கழிவறை, வலி என்று துணியில் வெட்டி ஒட்டிய படங்கள். அமத்தினால் அந்தச் சொல் கேட்கும். சொற்களை அதற்கு முந்திய சனிக்கிழமை என் குரலில்தான் பதிந்துகொண்டு போயிருந்தார். எதற்கென்று சொல்லவில்லை.

இவர் இடது கையால் தண்ணிப் படத்தை அமத்தினார். என் குரல் "தண்ணி" என்றது. இவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பலகையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். சுவிட்சுகள் தரையெல்லாம் சிதறின. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ராத்தா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

"பிழை என்ட புள்ள. இவர் என்ன செய்யிறார் எண்டு பாக்காமலே சாமானச் செஞ்சிட்டன். நான் கொஞ்சம் இருந்து பாக்கட்டா?"

அடுத்த இரண்டு மத்தியானமும் வந்து இருந்தார். மடியில் ஒரு அபாயாக் கை, ஓரம் அடித்துக்கொண்டே இருப்பார். தலை குனிந்திருக்கும். ஆனால் காது முழுக்க எங்கள் பக்கம்தான். இரண்டாம் நாள் போக எழும்பியவர் வாசலில் நின்று சொன்னார்.

"நீ கோவிக்காத. ஒவ்வொரு தரமும் அவர கல்லடியிலயே மறிக்கிறாய் புள்ள."

"என்ன?"

"அவர் கல்லடி எண்டதும் நீ பேசத் தொடங்கிற. அதுக்குப் பிறகு அவர் என்ன சொல்லப்போறார் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. ஒருக்கா விட்டுப் பாரன். போய் முடியட்டும்."

ஏழு கிழமையாக நித்திரை இல்லை எனக்கு. இவரைக் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், கடையையும் பார்க்கிறேன். அந்த 'போய் முடியட்டும்' என் உச்சியில் ஏறியது.

"அவர் உங்கட ரோபோ இல்ல ராத்தா! விழுந்து உடைஞ்சா பொறுக்கிப் பூட்ட! எல்லாத்தையும் விட்டுப் பாக்கிறதுக்கு உங்களுக்கு ஏலும். இது என்ட மனுசன். உங்களுக்கு இது விளையாட்டு!"

இன்னும் என்னென்னவோ சொன்னேன். மகனைப் பற்றியும் சொன்னேன், சொல்லியிருக்கக்கூடாது. ராத்தா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். நான் மூச்சு வாங்கி நின்றபோது, "சரி புள்ள. நான் செவ்வாய்க்கிழமை வாறன்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பின்னேரம் இவருக்குத் தலையணையை நிமிர்த்திக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவர் வாயைத் திறந்தார்.

"கல்லடி."

'என்ன, தண்ணியா' என்பது என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்தேன். இவர் நான் பேசுவதற்காகக் காத்திருந்தார். நான் பேசவில்லை. ரோட்டில் ஒரு ஓட்டோ போனது. இவருடைய உதடு நடுங்கியது.

"நாவற்குடா."

ஏழு கிழமையில் வந்த இரண்டாவது சொல். நான் அசையவேயில்லை.

"காத்தான்குடி. ஆரப்பத்தை." எங்கள் ஊரைப் பஸ்ஸில் அப்படித்தான் சொல்லுவார். "தாழங்குடா. கிரான்குளம்."

ஒவ்வொன்றுக்கும் இடையில் பஸ் நிற்கிற நேரம் விட்டார். குருக்கள்மடம், செட்டிபாளையம், தேத்தாத்தீவு, களுதாவளை. குரல் உரத்துக்கொண்டே வந்தது. களுவாஞ்சிக்குடி என்றார். நின்றார். கண்ணை இறுக்கி மூடினார். பிறகு அடுத்த ஊர் வரவேண்டிய இடத்தில்,

"வெக்கை" என்றார்.

நான் எழும்பிப் போய் மின்விசிறியைப் போட்டேன். இவர் காற்றுக்கு முகத்தைக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இத்தனை நாளும் தண்ணியா, சாப்பாடா என்று கேட்டிருக்கிறேன். வெக்கையா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அடுத்த நாள் காலையில் கடையைத் திறக்காமல் காத்தான்குடிக்குப் போனேன். ராத்தாவின் வீட்டைத் தேடிக் கண்டுபிடிக்க நாலு பேரிடம் விசாரிக்கவேண்டியிருந்தது. அவர் மெசினில் இருந்தார். கதவடியில் என்னைக் கண்டதும் காலை மிதியிலிருந்து எடுத்தார். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. அழுது அழுது, வெக்கை என்று சொன்னார், களுவாஞ்சிக்குடிக்குப் பிறகு வெக்கை என்று சொன்னார் என்றேன். ராத்தா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவருடைய கண்ணும் நிறைந்திருந்தது. ஆனால் கேட்டது வேறு.

"களுவாஞ்சிக்குடியிலயா நிண்ட?"

"ஓம்."

"நாளைக்கும் அங்கயேதான் நிக்கிதா எண்டு பாரு. மூணு தரம் பாரு."

மூன்று தரம் பார்த்தேன். இரண்டு தரம் களுவாஞ்சிக்குடியில், ஒரு தரம் களுதாவளையில். சொல்ல நினைத்தது வழியில் எங்கோ ஏறிக்கொண்டு வந்தது. ஒரு மாதத்தில், இன்னும் முந்தியே, குருக்கள்மடத்திலேயே வந்தது. ஆசுப்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற மிஸ்ஸிடம் சொன்னேன். பாட்டு, எண்ணிக்கை, இப்படி வருடக்கணக்காக வரிசையாய்ச் சொல்லிப் பழகியது சிலருக்குப் பேச்சு போனாலும் மிஞ்சி நிற்கும் என்று விளங்கப்படுத்தினார். எல்லோருக்கும் இப்படித் திறக்காது என்றும் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகப் பயிற்சிகள் தந்தார். "இத ஆர் கண்டுபிடிச்சது, நீங்களா?" என்று கேட்டார். என் தொலைபேசியில் 'ரோபோ ராத்தா' என்று போட்டு வைத்திருந்த பெயரைத்தான் சொன்னேன்.

இதற்கெல்லாம் முன்னமே, ராத்தா சொன்னபடி அந்தச் செவ்வாய்க்கிழமையே வந்தார். நான் அன்றைக்குச் சொன்ன சொற்களைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. ரோபோவை மறுபடி பூட்டிக்கொண்டு வந்திருந்தார். துணிக்கோட்டைக் கட்டிலுக்குக் கீழிருந்து கடை வாசல் வரைக்கும் விரித்தார். பதினொரு சின்ன அட்டையில் ஊர்ப்பெயரை எழுதி கோட்டோரம் வரிசையாக மடித்து நிறுத்தினார். ரோபோவுக்குச் சத்தம் கேட்கிற கருவி ஒன்றைப் பூட்டியிருந்தார். ஒவ்வொரு ஊரிலும் அது நிற்கும். இவர் உரத்து ஊரைச் சொன்னால்தான் அடுத்த ஊருக்குப் போகும். முணுமுணுத்தால் அசையாது.

கட்டிலில் கிடந்தவர் எழுந்து உட்கார்ந்தது அதற்காகத்தான். பிறகு கதிரைக்கு வந்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ரோபோவுக்குப் பின்னாலேயே நடந்தார். ஒரு நாள் ரோபோ தாழங்குடா அட்டையில் நிற்காமல் கடந்து போனது. இவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஓட்டத்திலும் கடந்து போனது. மூன்றாம் தரம் இவர் கதிரையின் கையில் அடித்தார்.

"தாழங்குடா! ஆள்… ஆள் இறங்கணும்!"

ராத்தா தரையில் இருந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவரும் சிரித்தார், வாய் கொஞ்சம் கோணினாலும் பழைய சிரிப்பு. நான் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாருக்கோ கொப்பி எடுத்த தாள் முழுக்கக் கறுப்பாய் வந்தது, கவனிக்கவில்லை.

அந்தக் கோளாறை ராத்தா திருத்தவில்லை. அடுத்த கிழமையும் ரோபோ தாழங்குடாவில் நிற்காமல்தான் போனது. "இத ஏன் இன்னும் திருத்தல்ல?" என்று கேட்டேன்.

"இப்ப என்னத்துக்கு அவசரம்?" என்றார்.

இப்படி இரண்டு வருடம். இவர் பஸ்ஸுக்குத் திரும்பிப் போகவில்லை. ஆனால் கடையில் உட்கார்ந்து தாள் அடுக்குவார், வருகிறவர்களை 'இருங்க' என்பார். நீளமாக ஒன்று சொல்லவேண்டுமானால் இன்னும் ஊர்களைக் கடந்துதான் வருவார். சிலர் பாதியில் மறிப்பார்கள். நான் கையைக் காட்டி நிறுத்துவேன். ராத்தாவின் மகன் அதற்கிடையில் தானாகவே கணக்குப் பாடத்தை எடுத்துப் பாஸாகி, தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்விட்டான். அன்றைக்கு அவனைப் பற்றி என்னென்னவோ பேசியவள் நான்.

கொரோனாவெல்லாம் ஓய்ந்த பிறகு மாப்பிள்ளைக்குக் கட்டாரில் குடும்பத்தை அழைத்துக்கொள்ள வழி கிடைத்தது. ராத்தா பயணம் சொல்ல வந்தார். ரோபோப் பெட்டியை எங்களிடம் விட்டுவிட்டுப் போவாரோ என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு ஆசை இருந்தது. முகத்தில் அது தெரிந்திருக்கவேண்டும்.

"இதுக்கு மட்டும் ஆசப்படாத புள்ள. இது என்னோடதான் வரும். பிளேனில கைப்பையில வெச்சுத்தான் கொண்டு போறன்."

மூன்று பேரும் சிரித்தோம். தேத்தண்ணி போட நான் குசினிக்குள் போனேன். நன்றி என்ற சொல்லை எப்படிச் சொல்லுவது என்று யோசித்துக்கொண்டே சீனியை இரண்டு தரம் போட்டுவிட்டேன். அப்போது முன்னறையில் இவருடைய குரல் கேட்டது.

"உங்கட… பேர் என்ன?"

கையில் கரண்டியோடு நின்றுவிட்டேன். கல்லடி இல்லை, நாவற்குடா இல்லை. நேரே கேட்டார். அதைவிட இன்னொன்று என்னை நிறுத்திவிட்டது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதேயில்லை. ராத்தா, ராத்தா என்று கூப்பிட்டு, அவருடைய பேரைத் தெரியாமலே எல்லாவற்றையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ராத்தா மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். குசினிக்குள் அது கேட்கவில்லை. பிறகு இவர் அந்தப் பேரைச் சொன்னார். முதலில் மெதுவாக, எழுத்து எழுத்தாக. அடுத்து முழுதாக. மூன்றாம் தரம், நிறைந்த பஸ்ஸில் கடைசிச் சீற்றுக்கும் கேட்கிற மாதிரி உரத்து.

நான் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்து, அந்தப் பேரைச் சொல்லி அவரைக் கட்டிப் பிடித்தேன்.